ராட்செட்டுக்கு ஒரு வரி போதாது

நுண்ணிய தடிப்பை அளக்கும் மைக்ரோமீட்டரின் பாகங்களை உங்கள் கட்டுரையில் விளக்கிய நீங்கள், அதன் நுனியில் உள்ள சிறு திருகுப்பிடியான ராட்செட்டை ஒரே வரியில் முடித்தது சரியில்லை. திம்பிளை, அதாவது சுழலும் உருளைப் பிடியைப் பிடித்து முறுக்கினால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். ராட்செட்டைத் திருப்பி 'டிக் டிக்' என்று வழுக்க விட்டால்தான் அழுத்தம் ஒரே மாதிரி இருக்கும். கடலோர ஊரான கல்முனையில் எங்கள் லேத் பட்டறைக்கு வரும் பெடியன்களுக்கு முதலில் இதைத்தான் பழக்குகிறேன்.

பிறகு ஸ்லீவில் (சுழலாமல் நிற்கும் உட்குழாயில்) உள்ள அரை மில்லிமீட்டர் கோடு! ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்பிண்டில் (பொருளைத் தொடும் நகரும் தண்டு) 0.5 மில்லிமீட்டர்தான் நகரும், திம்பிளில் 50 பிரிவு, ஆக ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டர். அந்த அரைக் கோடு வெளியே வந்ததைப் பார்க்காமல் 19.78 ஐ 19.28 என்று குறித்தால், போட் ஷாஃப்டுக்குக் கடைந்த புஷ் (அதன் மேல் ஏறும் வளையம்) ஏறவே ஏறாது. கடல் காற்றில், பொருளை இடையில் பிடிக்கும் இரண்டு உருக்கு முகங்களும் சீக்கிரம் துருப்பிடிக்கும், துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூசி, இரண்டும் முட்டாமல் சிறு இடைவெளி விட்டு வையுங்கள்.