முதலில் டெய்லர் தாத்தாவின் குரலைக் கேளுங்கள்

'பிரிக் ஃபேர்' என்ற ஆங்கில நாட்டுப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆங்கில இசையமைப்பாளர் டீலியஸ் 1907-ல் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தைத்தான் அனுப்பி வைக்கிறார்கள். புல்லாங்குழலும் ஹார்ப்பும் சேர்ந்து தொடங்கும், கால் மணி நேரத்துக்கு மேல் போகும். அழகான இசைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டைப் பாடிக் கொடுத்தவரின் குரலே ரெக்கார்டில் இருக்கும்போது அதை யாருமே கேட்காமல் இருக்கிறார்களே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

அவர் பெயர் ஜோசப் டெய்லர். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் சாக்ஸ்பி ஆல் செயின்ட்ஸ் என்ற கிராமத்துக்காரர், பண்ணை ஒன்றில் மேற்பார்வை வேலை. 1905 ஏப்ரலில் பிரிக் ஊரில் நடந்த இசைப் போட்டியில் நாட்டுப்பாட்டுக்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். அதில் 'க்ரீப்பிங் ஜேன்' என்ற வேறொரு பாட்டைப் பாடி முதல் பரிசு வாங்கினார், அப்போது அவருக்கு 70 வயது தாண்டிவிட்டது. பாட்டு சேகரிக்க அங்கே வந்திருந்த பெர்சி கிரெய்ஞ்சருக்கு வயது 22, ஆஸ்திரேலியாவில் பிறந்த பியானோ கலைஞர். அவரிடம்தான் டெய்லர் 'பிரிக் ஃபேர்' பாடிக் காட்டினார்.

இரண்டே சரணம். ஆகஸ்ட் 5-ஆம் தேதி, நல்ல வெயில், காதல் நினைப்போடு ஒருவன் பிரிக் சந்தைக்குக் கிளம்புகிறான். வானம்பாடியோடு எழுந்துவிட்டான், ரொம்ப நாளாய்ப் பார்க்க ஏங்கியவளை அங்கே பார்க்கப்போகிறோம் என்று மனசெல்லாம் சந்தோஷம். அவ்வளவுதான், அவளைப் பார்த்தானா இல்லையா என்பது வருவதற்குள் பாட்டு முடிந்துவிடும். கிரெய்ஞ்சர் தன் கோரஸ் வடிவத்துக்கு இது போதாது என்று வேறு பாட்டுகளிலிருந்து சரணங்களை எடுத்து ஒட்டினார். எனக்கு அந்த இரண்டு சரணமே போதும்.

சரி, மெட்டுக்கு வருவோம். இது டோரியன் என்ற மேற்கத்திய ஸ்கேல், அதாவது நம் கரஹரப்ரியா ராகத்தில் இருக்கும் அதே ஏழு ஸ்வரங்கள். காந்தாரமும் நிஷாதமும் சாதாரண மைனர் ஸ்கேலில் இருப்பதுபோலவேதான் இருக்கும், ஆனால் தைவதம் மட்டும் மேலே ஏறி நிற்கும், அந்த ஒரு ஸ்வரத்தால் பாட்டு அழுகைப் பக்கமும் சாயாது, கும்மாளப் பக்கமும் சாயாது. காத்திருக்கிறவனின் மனசுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

ஆனால் ஸ்வரம் ஒன்றாக இருப்பதால் பாட்டு ஒன்றாகிவிடாது. ஸ்வரம் எழுதிய புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கீர்த்தனையைப் பாடிவிட முடியாது என்பது நமக்குத் தெரியும் இல்லையா, அதைத்தான் கிரெய்ஞ்சர் லிங்கன்ஷயரில் கண்டுகொண்டார். 1906-ல் ஒலிப்பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போய், மெழுகு உருளையில் டெய்லரைப் பதிவு செய்து, மெதுவாகச் சுழலவிட்டு, ஒவ்வொரு நெளிவையும் எழுதினார். ஒரே வரியைச் சரணத்துக்குச் சரணம் கொஞ்சம் மாற்றிப் பாடுவதையும், தாளம் நீண்டு குறுகுவதையும் பிழை என்று அவர் திருத்தவில்லை. அதுதான் பாடகரின் கலை என்று 1908-ல் நாட்டுப்பாடல் சங்கத்தின் இதழில் வாதாடினார். செசில் ஷார்ப் போன்ற பெரிய சேகரிப்பாளருக்கே இந்த இயந்திரத்தின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. இந்த விஷயத்தில் நான் முழுக்க கிரெய்ஞ்சர் கட்சி. காதால் கேட்டு எழுதுகிறவர் தனக்குப் பழகிய தாளத்துக்குள் பாட்டை அடக்கிவிடுவார், அடக்கியதும் டெய்லர் காணாமல் போய்விடுவார்.

1908-லேயே கிராமஃபோன் கம்பெனி டெய்லரை லண்டனில் பாடவைத்து இசைத்தட்டு வெளியிட்டது. இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார். 1937-ல் கிரெய்ஞ்சர் அந்த ஊர்ப் பாட்டுகளை வைத்து 'லிங்கன்ஷயர் போஸி' என்ற பேண்ட் இசையை எழுதியபோது, தனக்கு இனிமையாகப் பாடிக்காட்டிய அந்தப் பழைய பாடகர்களுக்கே அதைச் சமர்ப்பித்தார்.

ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். முதலில் கரகரப்புதான் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் அந்தக் குரல் வரும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கொஞ்சமும் முக்கல் முனகல் கிடையாது, சும்மா ஏறி நிற்கும், இறங்கும்போது குட்டியாக ஒரு சுழிப்பு, பிருகா என்றே சொல்லலாம். அந்தச் சுழிப்புக்காக மட்டும் நேற்று ராத்திரி ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். டீலியஸை அதற்கப்புறம் கேளுங்கள்.