ஒரு ஸ்டார் ரிவ்யூவில் நான் தேடுவது

ஆன்லைனில் எதை வாங்கப் போனாலும் ஐந்து ஸ்டார் ரிவ்யூ பக்கம் நான் அதிகம் போவதில்லை. நேராக ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாருக்குத்தான் போவேன். அதற்காகத் திட்டியதையெல்லாம் நம்பிவிடுவேன் என்று இல்லை.

"படு மோசம், காசு தண்டம், யாரும் வாங்காதீங்க." இதில் கோபம் இருக்கிறது, விஷயம் இல்லை. ஒரு ஹெட்போனுக்கு வந்திருந்த இதைப் பாருங்கள்: "தினம் ரெண்டு மணி நேரம் போடுவேன். நாலாவது மாசம் மடக்குற இடத்துல விரிசல் விட்டுச்சு, அப்புறம் இடது பக்கம் சத்தமே வரல." எவ்வளவு பயன்படுத்தினார், எப்போது போனது, எந்த இடம் போனது, எல்லாம் இருக்கிறது. இதே விரிசலை வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஆட்கள் அவரவர் பாணியில் சொல்லியிருந்தால், கோளாறு தயாரிப்பிலேயே இருக்கிறது. நான் வாங்க மாட்டேன். அதுவே ஒரே வாரத்தில், கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தில் வரிசையாகத் திட்டியிருந்தால், யாரோ ஆள் வைத்து எழுதுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

டெலிவரி லேட் என்ற புகாரைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் கண்ணாடிச் சாமானுக்குப் பலரும் "உடைஞ்சு வந்தது" என்றால் பேக்கிங் சரியில்லை, அது கணக்கில் வரும். சில தளங்களில் வேறு மாடலுக்கு வந்த ரிவ்யூவையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள், அதையும் கவனிக்க வேண்டும்.

மூன்று ஸ்டார் போடுகிறவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. நல்லதையும் சொல்லி, குறையையும் சொல்கிறார்கள். "பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் கேக்கல" என்று ஹெட்போன் வாங்கிய ஒருவர் குறைப்பட்டால், இரைச்சலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அதுதானே வேண்டும்!

2006-இல் ஜூடித் செவாலியே, டினா மேஸ்லின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமேசான், பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளங்களின் புத்தக விற்பனையை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து ஸ்டார் விற்பனையை ஏற்றுவதைவிட ஒரு ஸ்டார் இறக்குவது அதிகம் என்றது அது. அத்தனை பலம் இருப்பதால்தான் விற்பவர்கள் சிலர் அதை அழுத்தப் பார்க்கிறார்கள். மிரட்டி எதிர்மறை ரிவ்யூவை எடுக்க வைப்பதற்குத் தடை போட்டு அமெரிக்காவில் 2024-இல் விதியே கொண்டுவர வேண்டியிருந்தது.

விற்பவரின் பதிலையும் விடாமல் படிப்பேன். "அந்தப் பேட்ச்சில் பிரச்சினை இருந்தது, மாற்றித் தருகிறோம்" என்றால் நம்பிக்கை வரும். மனிதர் மெனக்கெட்டு எழுதிய ஒவ்வொரு குறைக்கும் கீழே "சிரமத்திற்கு வருந்துகிறோம், தொடர்புகொள்ளவும்" என்று ஒரே வரியை ஒட்டி வைத்திருந்தால், அந்தக் கடையில் எனக்கு வேலை இல்லை.