பட்டியல் அழிந்தால் பேக்கப்பும் அழிந்துவிடாது

"வைரஸ் தாக்கிய பின் விண்டோஸ் சர்வர் பேக்கப் (சர்வர் கணினிகளில் பேக்கப் எடுக்கும் மென்பொருள்) பழைய பிரதிகளைக் காட்டவில்லையா? எல்லாம் போய்விட்டது, டிஸ்கை ஃபார்மட் செய்யுங்கள்" என்று ஒரு குறிப்பு பரவுகிறது. தவறு. தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள்!

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், கோப்புகளைப் பூட்டியதோடு நிற்கவில்லை. கணினியிலிருந்த நிழல் பிரதிகளையும் (விண்டோஸ் சேமித்து வைக்கும் கோப்புகளின் முந்தைய நிலைகள்), கேட்டலாக் எனப்படும் பேக்கப் பட்டியலையும் அழிக்கக் கட்டளையிட்டது. பட்டியல் இல்லாவிட்டால் தன் பிரதிகள் எங்கே இருக்கின்றன என்பதே பேக்கப் மென்பொருளுக்குத் தெரியாது. நூலகத்தின் அட்டவணையைக் கிழித்தால் புத்தகங்களா காணாமல் போகும்?

தனி டிஸ்கில் பிரதி பிழைத்திருந்தால், அதிலிருந்தே பட்டியலை மீட்க 'டபிள்யூபி அட்மின் ரெஸ்டோர் கேட்டலாக்' (wbadmin restore catalog) என்ற கட்டளை இருக்கிறது. தாக்குதலின்போது இணைப்பில் இருந்த டிஸ்க் என்றால் அதுவும் பூட்டப்பட்டிருக்கலாம். எதுவானாலும், வைரஸை முழுமையாக நீக்கும் முன் அந்த டிஸ்கை இணைக்காதீர்கள்.