தீவுத்திடலில் மறிக்கப்பட்ட கவர்னரும் உங்கள் ஆஃப்ஷோர் டீமும்

1776 ஆகஸ்ட் 24, மாலை நேரம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் கவர்னர் பிகட் பிரபு கோட்டையிலிருந்து தோட்ட வீட்டுக்கு வண்டியில் கிளம்புகிறார். பக்கத்தில் கர்னல் ஸ்டூவர்ட். அன்று பகல் சாப்பாடு அவரோடுதான். இன்று நாம் பொருட்காட்சி பார்க்கப் போகும் தீவுத்திடலில் சிப்பாய்கள் வண்டியை மறிக்கிறார்கள். ஏற்பாடு செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே ஸ்டூவர்ட். உத்தரவு போட்டவர்கள் கவர்னரின் சொந்தக் கவுன்சில் உறுப்பினர்கள். 1777 மே 11 அன்று காவலில் இருந்தபடியே பிகட் இறந்துபோனார். அவரை மறுபடி பதவியில் அமர்த்தச் சொல்லி கம்பெனியின் லண்டன் தலைமையகம் அனுப்பிய ஆணை அதற்குப் பிறகுதான் மெட்ராஸ் வந்தது.

வெளிநாட்டு டீமை மேய்ப்பது பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆட்கள் நெப்போலியனையும் அண்டார்டிகா போன ஷாக்கில்டனையும் இழுத்து வருவார்கள். அவர்களுக்கு ஆட்கள் கண்ணெதிரே நின்றார்கள். கண்ணில் படாத ஆட்களை இருநூறு வருஷத்துக்கு மேல் கடிதத்திலேயே மேய்த்தது கிழக்கிந்தியக் கம்பெனி. கொள்ளைக்காரக் கம்பெனி, சந்தேகமில்லை. ஆனால் தன் நிர்வாகச் சொதப்பல்களைத் தானே வரி வரியாக எழுதி வைத்த கம்பெனியும் அதுதான். அதில் மெட்ராஸ் சம்பந்தப்பட்ட கட்டுகள் பல இன்றும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அதில் எனக்குத் தெரிவது இதுதான்: தூரத்தால் கெட்ட காரியம் குறைவு. தலைமையகம் முடிவு பண்ண வேண்டியதைப் பண்ணாமல் விட்டதால் கெட்டதுதான் அதிகம்.

பிகட் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1773-இல் ஆற்காடு நவாப், கம்பெனிப் படையின் உதவியோடு தஞ்சாவூரைப் பிடித்தார். லண்டனுக்கு அது பிடிக்கவில்லை. ராஜா துளஜாவிடமே திருப்பிக் கொடு என்று சொல்லி பிகட்டை அனுப்பியது. அவரும் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் முன்னால் வந்தார். நவாபுக்கும் தஞ்சைக் குடிகளுக்கும் தான் கொடுத்த கடனுக்குத் தஞ்சாவூர் வருவாயும் நெல் விளைச்சலும் ஈடு, தனக்கு வர வேண்டியது சுமார் 2,34,000 பவுண்டு என்றார். அவருடைய சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு! கவுன்சிலில் பலருக்கும் நவாபிடம் வட்டிக் கணக்கு இருந்தது. லண்டன் சொன்னபடி செய்தால் சொந்தப் பணம் போய்விடும்.

இனி வருவதுதான் நமக்குப் பாடம். கவர்னரும் கவுன்சில் பெரும்பான்மையும் மோதினால் யார் பேச்சு எடுபடும்? நான் இல்லாமல் கவுன்சிலே இல்லை என்றார் பிகட். பெரும்பான்மை சொன்னால் போதும் என்றார்கள் மற்றவர்கள். சண்டையைத் தீர்க்கும் தெளிவான விதி இல்லை. பிகட் இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்து எண்ணிக்கையைத் தன் பக்கம் திருப்பினார். மற்றவர்கள் பட்டாளத்தைத் திருப்பினார்கள். பத்து வருஷம் கழித்து, 1786-இல், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்குத்தான் கவுன்சிலை மீறி முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டமாகவே கொடுத்தார்கள்.

இன்றைக்கு இதே கதை வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸில் நடக்கிறது. மணிலாவில் இருக்கும் லீட் வேண்டாம் என்கிறார், டொரண்டோவில் இருக்கும் மேனேஜர் போடு என்கிறார், சென்னையில் இருப்பவர் தூங்குகிறார். டீம் தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். எவ்வளவு தொகை வரை அங்கிருப்பவர் கேட்காமல் செலவு செய்யலாம், எத்தனை மணி நேரம் பதில் வராவிட்டால் அவர் முடிவே முடிவு, எதையெல்லாம் பதில் வரும்வரை தொடவே கூடாது. கடைசிப் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்: ஆளை நீக்குவது, வாடிக்கையாளருக்குத் தேதி கொடுப்பது, டேட்டாவை அழிப்பது. மாற்றிக்கொள்ள முடிகிற மற்ற எல்லாவற்றையும் அங்கேயே விடுங்கள். இருவருக்கும் சம அதிகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அது பெருந்தன்மை ஆகாது. சண்டைக்கு நீங்களே தேதி குறித்துக் கொடுத்த மாதிரி.

சம்பள விஷயத்தில் கம்பெனி செய்த முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் 'ரைட்டர்' என்ற கீழ்நிலை எழுத்தருக்கு வருஷம் 10 பவுண்டு. மிச்சத்தைச் சொந்த வியாபாரத்தில் பார்த்துக்கொள் என்று கண்டும் காணாமல் விட்டார்கள். அப்புறம் ஊழியனுடைய விசுவாசம் யார் பக்கம் இருக்கும்? காரன்வாலிஸ் வந்து கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாயும் வசூலில் கமிஷனும் வைத்து, சொந்த வியாபாரத்துக்குத் தடை போட்டார். (கூடவே உயர்பதவிகளில் இந்தியர்களே வேண்டாம் என்று கதவைச் சாத்தியதும் அவர்தான். அதை யாரும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) வெளியூர் ஆள் இரண்டு கம்பெனிக்கு ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறார் என்று மவுஸ் அசைவை எண்ணும் சாஃப்ட்வேர் வாங்குகிறவர்கள், அந்த ஊர் சந்தை நிலவரத்துக்கு நாம் கொடுப்பது எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்கட்டும்.

கோட்டையில் தலைவரையே உள்ளே தள்ளியது பிகட்டோடு தொடங்கியதல்ல. அதற்கு 111 வருஷம் முன்பே ஒரு தடவை நடந்திருக்கிறது. அப்போது கோட்டைத் தலைவராக இருந்த எட்வர்ட் விண்டர் மீது சந்தேகம் வந்து, 1665-இல் ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்பவரை அவருக்கு மேலே அனுப்பியது லண்டன். ஆனால் விண்டரை ஊரைவிட்டுக் கிளப்பவில்லை. கவுன்சிலில் இரண்டாம் இடம் கொடுத்து அங்கேயே உட்காரவைத்தது. கோட்டைக் காவல்படைத் தலைவன் பழைய முதலாளியின் ஆள். அதே வருஷம் செப்டம்பரில் ராஜத்துரோகமாகப் பேசினார் என்று குற்றம்சாட்டி ஃபாக்ஸ்கிராஃப்டைத் தாக்கிச் சிறைவைத்தார்கள். கைகலப்பில் ஓர் ஆள் செத்தார். விண்டர் நேராக மன்னருக்கே தன் பக்கக் கதையை எழுதினார். தலைமையகம் எதை நம்புவது என்று குழம்பி, ஆள் அனுப்பி, ஃபாக்ஸ்கிராஃப்ட் விடுதலையானபோது 1668 ஆகஸ்ட். மூன்று வருஷம்!

பழைய மேலாளரை 'ஆலோசகராக' ஆறு மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு விண்டர்தான் ஞாபகம் வருவார். ஹேண்ட்ஓவருக்கு இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் நான்கு. முதல் பாதியில் பழையவர் செய்வார், புதியவர் பார்ப்பார். அடுத்த பாதியில் புதியவர் செய்வார், பழையவர் பார்ப்பார், வாயைத் திறக்க மாட்டார். கடைசி நாளுக்கு முன்பே அட்மின் ஆக்சஸ், பில்லிங் அக்கவுன்ட், டொமைன், வாடிக்கையாளரின் வாட்ஸாப் குரூப் எல்லாம் கை மாறியிருக்க வேண்டும். அந்தக் காலத்துக் காவல்படைத் தலைவன் இன்று அட்மின் பாஸ்வேர்டு. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கவர்னர்.

கம்பெனி உருப்படியாகச் செய்த ஒரு காரியம் எழுத்து வேலை. லண்டனுக்கும் மெட்ராஸுக்கும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஒருவழிப் பயணமே சாதாரணமாக ஆறு மாசம். ஒரே கடிதத்தின் பிரதிகளை வேறு வேறு கப்பலில் அனுப்பினார்கள், ஒன்று மூழ்கினாலும் ஒன்று சேரும். பத்திகளுக்கு எண். பதில் எழுதும்போது, உங்கள் கடிதத்தின் இத்தனையாவது பத்திக்கு என்று தொடங்குவார்கள். கவுன்சில் கூடினால் யார் என்ன சொன்னார், யார் ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறும். அதன் நகலும் லண்டன் போகும். ஒத்துக்கொள்ளாதவர் தன் காரணத்தைத் தன் வார்த்தையில் எழுதி வைக்கலாம். நம் மீட்டிங் மினிட்ஸில் இந்தக் கடைசி விஷயம்தான் காணோம். எல்லாரும் தலையாட்டின மாதிரியே இருக்கும். ஆறு மாசம் கழித்து யார் எச்சரித்தார் என்று தேடினால் கிடைக்காது.

கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் பதிமூன்றரை. ஒரு கேள்வி, ஒரு பதில் என்றால் ஒரு நாள் போச்சு. "அந்த ரிப்போர்ட் பற்றிப் பேசணும்" என்று மட்டும் அனுப்பினால் எந்த ரிப்போர்ட் என்று கேட்க ஒரு நாள், என்ன பிரச்சினை என்று கேட்க இன்னொரு நாள். எண் போட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன முடிவு வேண்டும், எப்போதுக்குள், பதில் இல்லாவிட்டால் நான் இதைச் செய்யப்போகிறேன் என்று மூன்றும் இருக்கட்டும். ஆறு மாசம் காத்திருக்க வேண்டியவன் எழுதுகிற கவனத்தோடு எழுதினால் ஒரே நாளில் முடியும்.

1870-இல் கடலடிக் கேபிள் லண்டனை பம்பாயோடு இணைத்தது. மாசக்கணக்கு மணிக்கணக்கானது. இங்கிருக்கும் அதிகாரியை லண்டனிலிருந்து நினைத்த நேரத்தில் தட்டிக் கேட்கலாம் என்றும் ஆனது. இன்று ராத்திரி பத்தரைக்கு, "இருக்கீங்களா?" என்று வந்து விழுகிறதே ஒரு மெசேஜ், அந்த வியாதிக்கு வயது 150-க்கு மேல்.

பிகட்டைப் பிடித்துவைத்த கவுன்சில்காரர்கள் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். நான்கு பேர் மீது லண்டனில் வழக்கு நடந்தது. 1780-இல் தீர்ப்பு: ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். நவாபுக்கு வட்டிக்கு விட்டவர்களுக்கு அது சில்லறை.