மக்கும் கட்டு என்றால் மாற்றவே வேண்டாமா?
புண்ணுக்குப் போடும் மக்கும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) கட்டு புண்ணிலேயே கரைந்துவிடும், எனவே கட்டு மாற்றும் வேதனையே இராது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது எல்லாப் பாலிமருக்கும் பொருந்தாது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானை நம் உடலின் லைசோசைம் நொதி மெல்லச் சிதைக்கும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறும் ஆல்ஜினேட்டோ புண்ணிலிருந்து வடியும் நீரிலுள்ள சோடியத்தை ஏற்று, கால்சியத்தை விட்டுக் கூழாகுமே தவிர, அதைச் சிதைக்கும் நொதி மனித உடலில் இல்லாததால் கழுவித்தான் எடுக்க வேண்டும். என் தந்தையின் சர்க்கரை நோய்க் கால்புண்ணில் காய்ந்து ஒட்டிய காஸ் துணியை உப்புநீரில் ஊறவைத்து உரிக்கும்போது, புதிதாக வளர்ந்த சிவந்த சதையும் சேர்ந்து வந்து இரத்தம் கசிந்ததைப் பல மாதங்கள் பார்த்தவன் நான். ஆல்ஜினேட்டுக்கு மாறிய பின் அந்த வேதனை நின்றது. ஆனாலும் நீர் மிகுதியாக வடிந்த நாட்களில் மேல்கட்டைத் தினமும் மாற்றவே வேண்டியிருந்தது.