பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு பொத்தான்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் இப்போது செம்பனையும் சூழ்ந்த எங்கள் தாமான் குடியிருப்பின் ஆலய மண்டபத்தில், பிரத்தியேக வகுப்புக்காக ஒரு பழைய கணினி வைத்திருக்கிறோம். அதைப் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் போதும், கடவுச்சொல் கேட்கும் திரையின் வலது மூலையில் இருக்கும் மின்பொத்தானை ஏதாவது ஒரு பிள்ளை அழுத்திவிடுகிறது. வேறொருவரின் வேலை சேமிக்கப்படாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கத்தான் செய்கிறது; 9 வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு முறை அழுத்தக் கிடைத்த வாய்ப்பு. சென்ற வாரம் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்காக நான் தட்டச்சு செய்த 40 கேள்விகள் அப்படித்தான் போயின. (அவ்வப்போது சேமித்திருக்கலாமே என்று என் மனைவி கேட்டதை இங்கே விரிவாக எழுதத் தேவையில்லை.)

கடவுச்சொல் தெரியாதவர் ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியாது, ஆனால் கணினியையே அணைத்துவிடலாம் என்பது எந்த ஊர் நியாயம்? விண்டோஸின் புரோ பதிப்பாக இருந்தால் பாதுகாப்புக் கொள்கைப் பகுதியில் ஒரே வரியை மாற்றி இதைத் தடுக்கலாம்; எங்களிடம் இருக்கும் ஹோம் பதிப்பிலோ அந்தப் பகுதியே இல்லை. ஆகவே விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கி, பாலிசிஸ், சிஸ்டம் என்று ஒவ்வொரு கிளையாகத் திறந்து, 'ஷட்டவுன்வித்தவுட்லாகான்' (உள்நுழையாமலே அணைக்க விடுவது) என்ற மதிப்பை 1-இலிருந்து 0 ஆக்கினேன். பொத்தான் மறைந்தது.

மறுநாள் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் திரையின் மூலையை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "சார், பட்டனைக் காணோமே" என்றான். பிறகு குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த பெட்டியின் முகப்புப் பொத்தானை அழுத்தினான்.