நண்பர்கள் கிடைப்பார்கள், வருகைப்பதிவு கிடைக்காது

சேலத்தில் கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் ஒரு கட்டுரை படித்தேன், நன்று. ஆனால் அதில் நட்பு, தன்னம்பிக்கைக்குக் கொடுத்த இடத்தில் பாதியை வருகைப்பதிவுக்குக் கொடுத்திருக்கலாம். முதல் செமஸ்டரில் பிள்ளைகள் மாட்டுவது அங்கேதான்.

செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால், தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகைக்கு 68 நாள் வேண்டும். மீதி 22 நாள் தாராளமாகத் தெரியும். ஆனால் பல கல்லூரிகளில் முதல் பீரியடைத் தவறவிட்டால் அரைநாள் போச்சு. ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி வருபவர்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளில் மழை, பனிமூட்டத்துக்கு என்றே அரைமணி கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். காய்ச்சலில் படுத்தால் மருத்துவச் சான்றிதழை அந்த வாரமே கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் கொண்டுபோனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது பணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் தமிழக அரசின் புதுமைப்பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப்புதல்வன் (மாணவர்களுக்கு) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் மட்டும் போதாது, அரசு மானியம் வரும் கணக்காக உங்கள் கணக்கை ஆதாருடன் இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வங்கியில் கணக்கிருந்தால் கடைசியாக இணைத்ததில்தான் பணம் விழும். 'வரவே இல்லை' என்று புலம்புபவர்கள் முதலில் இன்னொரு வங்கியின் பாஸ்புக்கைப் பார்க்கவும்.

அசல் டிசி, மதிப்பெண் சான்றிதழைக் கொடுக்குமுன் பத்து நகல் எடுத்துவிடுங்கள். உதவித்தொகை, பஸ் பாஸ், விடுதி எல்லாவற்றுக்கும் கேட்பார்கள்.